வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்: ராமநாதபுரம் கடற்கரை ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வழியாக ராமேஸ்வரம் வரைக்கும், தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரைக்கும் உள்ள ஊர்த் தலைவர்கள், ஜமாஅத் நிர்வாகிகள், பங்குத் தந்தையர், சமுதாயச் சங்கப் பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உங்களில் பலருடைய கையில் ரப்பர் பட்டை கட்டி நரம்பு தேடியிருக்கிறேன். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் காலையில் வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்களே, அந்தக் கூடத்துப் பெண்தான் எழுதுகிறேன். நிச்சயத்துக்கு முன்னால் பையன், பெண் இருவருக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இதைச் சுகாதாரத் துறைக்கு எழுதலாமே என்று வீட்டில் கேட்டார்கள். துறை செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அது வேறு. ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஒரு குடும்பம் வருவது கல்யாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை வெளிறிப்போன பிறகுதான். அதற்கெல்லாம் முன்னால், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைக்கும் இடத்தில், நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நம் கரையில் உங்களைக் கேட்காமல் ஒரு நிச்சயம் நடப்பதில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

என் அக்காவை எங்கள் தாய்மாமனுக்குத்தான் கட்டிக்கொடுத்தோம். சொத்துக்காக இல்லை. அம்மாவுக்குத் தம்பி மேல் உயிர். மகள் கண்ணெதிரே இருப்பாள், மாமியார் என்று வருவது எங்கள் அம்மாச்சியேதான், யாரும் அவளைக் கண்கலங்க விடமாட்டார்கள் என்று நினைத்தார்கள். முதலில் பெண் குழந்தை பிறந்தது. ஆறு மாதம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தாள். ஏழாம் மாதத்திலிருந்து பால் குடிக்கையில் மூச்சு வாங்கும், உள்ளங்கை வாழைத்தண்டு மாதிரி வெளுத்துக் கிடக்கும். காட்டிய இடத்தில் சத்துக் குறைவு என்று இரும்புச்சத்து டானிக் எழுதிக்கொடுத்தார்கள். நான்கு மாதம் ஊற்றினோம். வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தைத் திறந்து, நானே அவள் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடித் துண்டில் இழுத்து, சாயம் போட்டு உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். நல்ல சிவப்பணு என்றால் அளவெடுத்துத் தட்டிய முறுக்கு வட்டம் மாதிரி ஒரே சீராக இருக்கும், நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கும். இவளுடையதில் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. சில அணுக்கள் வெறும் ஓட்டு வளையம். சிலவற்றில் வளையத்துக்கு நடுவே பொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி. பிய்ந்த துண்டுகள். முதிராமல் எலும்பு மஜ்ஜையை விட்டு அவசரமாக வெளியே வந்துவிட்ட, உட்கரு இருக்கும் பிஞ்சு அணுக்கள். பாடத்தில் படம் பார்த்திருந்தேன். நம் வீட்டுப் பிள்ளையின் ரத்தத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. பீட்டா தலசீமியா மேஜர், பெற்றோர் வழியாக வரும் கடுமையான ரத்தச்சோகை நோய். மதுரைக்கு அனுப்பி எடுத்த சோதனையிலும் அதுதான் வந்தது.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கா மூன்று மாதம் உண்டாகியிருந்தபோது ரத்தம் பார்த்ததும் எங்கள் கூடத்தில்தான். ஹீமோகுளோபின் 9.8. அணுவின் அளவைச் சொல்லும் எம்.சி.வி. எண் 64. இயல்பாக 80க்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் சிவப்பணு எண்ணிக்கை 51 லட்சம். இரும்புச்சத்து குறைந்தவருக்கு அணுவும் சிறுக்கும், எண்ணிக்கையும் குறையும். அணு இவ்வளவு சிறியதாக இருந்தும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் தலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு சின்னக் கணக்கு உண்டு: எம்.சி.வி. எண்ணை, பத்து லட்சத்தில் சொல்லும் சிவப்பணு எண்ணால் வகுத்தால் 13க்குக் கீழே வருகிறதா என்று பார்ப்பது. 64ஐ 5.1ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. அந்தத் தாளை அச்சடித்து அக்கா கையில் கொடுத்தவள் நான். ஒரு நாளைக்கு எத்தனை கர்ப்பிணிகளுடைய தாளில் சத்துக் குறைவு பார்க்கிறோம், அதில் ஒன்று என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே கண்டிருந்தால் மாமாவின் ரத்தத்தையும் பார்த்திருக்கலாம். வயிற்றில் இருக்கும்போதே தெரிந்திருக்கும்.

குழந்தைக்கு முதல் முறை ரத்தம் ஏற்றி வீட்டுக்கு வந்த அன்று, உள்ளே தொட்டிலில் அவள் தூங்க, வெளித் திண்ணையில் உறவு கூடி உட்கார்ந்தது. அம்மாச்சி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "என் மகனுக்கு என்ன குறை? விளங்காத வயித்துல போய் விழுந்துச்சு." சொன்னது மாமியார் மட்டுமில்லை, அக்காவைத் தூக்கி வளர்த்த அம்மாச்சியும் அவர்தான். அக்கா பதில் பேசவில்லை. அங்கே இருந்த பெரியவர்களும் பேசவில்லை.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், அந்த 'குறை' என்பது எது, எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

நம் உடம்பின் அநேகமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 46 குரோமோசோம்கள். 23 ஜோடி. ஜோடியில் ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. குரோமோசோம் என்பது இறுகச் சுருட்டிய டி.என்.ஏ. இழை. கப்பலில் வடத்தைச் சுருட்டி வைப்பது போல, நீளமான ஒன்று சின்ன இடத்தில் அடங்கியிருக்கிறது. அந்த இழை நெடுகிலும் எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி என்று நான்கே நான்கு. ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்து. அதில் ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று சொல்லும் பகுதிக்கு மரபணு என்று பெயர். அப்படிப்பட்டவை சுமார் 20,000. மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்துத்தான் செல் இதைப் படிக்கும்.

மூன்றெழுத்துச் சொற்களாகவே ஒரு வாக்கியம் வைத்துக்கொள்வோம்: அவன் கடல் மகன். நடுச் சொல்லில் ஓர் எழுத்து மாறினால் 'அவன் கடன் மகன்'. வாக்கியம் நிற்கிறது, பொருள் போய்விட்டது. முதல் சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, மறுபடியும் மூன்று மூன்றாகவே படித்துப் பாருங்கள்: அன்க, டல்ம, கன். அந்த இடத்திலிருந்து கடைசி வரைக்கும் எதுவுமே சொல்லாக இல்லை. மரபணுவில் நடப்பதும் இதே மாதிரிதான். ஓர் எழுத்து மாறலாம், விட்டுப்போகலாம், கூடுதலாக நுழையலாம். சில மாற்றங்களால் ஒன்றும் ஆகாது. ஒரே பொருளைத் தரும் மூன்றெழுத்துகள் ஒன்றுக்கு மேல் இருப்பதால் புரதம் மாறாமலே வந்துவிடும். சில மாற்றங்கள் 'இத்தோடு நிறுத்து' என்ற குறியை நடுவிலேயே போட்டுவிடும், பாதிப் புரதம்தான் கிடைக்கும்.

இதைப் பள்ளிப் பாடத்தில் திடீர்மாற்றம் என்று எழுதியிருப்பார்கள். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு மனத்தாங்கல் உண்டு. மாற்றம் ஒரு நாள், ஒருவருக்குள், திடீரென்று நடந்ததுதான். ஆனால் அந்த ஒருவர் பத்து, இருபது தலைமுறைக்கு முன்னால் இருந்தவராக இருக்கலாம். அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, அவர் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்காது. மரபணுப் பிறழ்வு என்ற சொல் எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

தலசீமியாவில் பிறழ்வது 11ஆவது குரோமோசோமில் இருக்கும் பீட்டா குளோபின் மரபணு. ரத்தத்தின் சிவப்புக்கும், அது மூச்சுக்காற்றைச் சுமப்பதற்கும் வேண்டிய ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் பாதியை இதுதான் செய்கிறது. இந்தியாவில் மிக அதிகமாகக் காணப்படும் தலசீமியாப் பிறழ்வு ஒரே ஓர் எழுத்து: ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி. அதுவும் புரதத்துக்கான சொற்களுக்குள் இல்லை. மரபணுவை நகலெடுத்த பிறகு செல் நடுவில் உள்ள வேண்டாத பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு மற்றதைச் சேர்த்துத் தைக்கும். அந்த வெட்டும் குறிக்குப் பக்கத்தில், ஐந்தாவது எழுத்து மாறியிருக்கிறது. தையல்காரர் சாக்கட்டியால் போட்ட கோடு கலைந்துபோன மாதிரி, கத்தரி தவறான இடத்தில் விழுகிறது. தைத்து வருவது சட்டையாக இல்லை. அதே மரபணுவில் இன்னோர் இடத்தில், ஆறாவது மூன்றெழுத்தில் ஏ இருக்கும் இடத்தில் டி வந்தால் அது வேறு நோய், அரிவாள் அணுச் சோகை. நீலகிரி மலைவாழ் மக்களிடம் அது இருப்பதை 1952இலேயே கண்டு எழுதியிருக்கிறார்கள். முன்னூறு கோடியில் ஓர் எழுத்து.

அப்பாவிடமிருந்து ஒரு மரபணு, அம்மாவிடமிருந்து ஒன்று என்று சொன்னேன் அல்லவா. இரண்டில் ஒன்று பிறழ்ந்து மற்றது நன்றாக இருந்தால் அந்த ஆளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கொஞ்சம் சோகை இருக்கலாம், அவ்வளவுதான். கடலுக்குப் போவார், பாடு கொண்டுவருவார், எண்பது வயது வரை இருப்பார். இப்படிப்பட்டவரைச் சுமப்பவர் என்கிறோம். இந்தியாவில் 100 பேரில் மூன்று, நான்கு பேர் பீட்டா தலசீமியாவைச் சுமக்கிறார்கள். சுமப்பவர் இருவர் சேர்ந்தால்தான் சிக்கல். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டு பக்கமும் பிறழ்ந்தது வந்து சேர. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கல் புதிதாகவே நடக்கும்.

இத்தனை பேரிடம் இது ஏன் இருக்கிறது என்று கேட்பீர்கள். மலேரியாதான் காரணம். 1949இல் ஹால்டேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதை ஊகித்துச் சொன்னார். பிற்பாடு இந்தியாவுக்கே வந்து குடியேறி, 1964இல் புவனேஸ்வரில் இறந்தவர் அவர். மலேரியா மண்டிய நாட்டில், இந்தப் பிறழ்வில் ஒன்றைச் சுமந்தவர்களுக்கு அந்தக் காய்ச்சலிலிருந்து கொஞ்சம் காப்பு கிடைத்தது. மற்ற பிள்ளைகள் இறந்த காலத்தில் இவர்கள் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள். ராமேஸ்வரம் தீவில் கொசு மருந்து அடிக்க ஆட்கள் வீடு வீடாக வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நம் முன்னோர் பிழைத்துக்கிடந்ததற்கு இந்த எழுத்துப் பிழையும் உதவியிருக்கலாம். இதைப் பாவம் என்று எப்படிச் சொல்வது?

இனி அம்மாச்சி கதைக்கு வருகிறேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் வீடு, வலை, வள்ளம் எல்லாம் போய், உடுத்திய துணியோடு வந்த குடும்பம் அவருடையது. பிறகு தலையில் கருவாட்டுக் கூடை வைத்து ரயிலேறி ராமநாதபுரம் சந்தைக்குப் போய் விற்றுத்தான் ஆறு பிள்ளைகளை வளர்த்தார். ஒரு நாள் படுத்துக் கிடந்ததில்லை. ஆஸ்பத்திரியில் குடும்பத்தில் எல்லோருக்கும் பார்க்கச் சொன்னார்கள். அக்கா, மாமா இருவரும் சுமப்பவர்கள் என்று முதலிலேயே தெரியும். என் அம்மாவுக்குப் பார்த்தேன், இருந்தது. எனக்குப் பார்த்தேன், இல்லை. தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் அம்மாச்சி. ஊசிக்குப் பயப்படாதவர், கையை நீட்டினார். ஹீமோகுளோபினில் ஏ2 என்ற வகை 100க்கு 5.1 என்று வந்தது. மூன்றரைக்கு மேல் இருந்தால் சுமப்பவர்.

தாளோடு போனபோது உரலில் பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். படித்துச் சொன்னேன். இடிக்கிற கை நின்றது.

"அப்ப எங்கிட்டேருந்துதான் வந்துச்சா?"

"உங்களுக்கும் யாரோ குடுத்ததுதானே, அம்மாச்சி."

ரொம்ப நேரம் உரலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி எதுவும் கேட்கவில்லை. அக்காவிடம் மன்னிப்பு என்று எதுவும் சொன்னதாகவும் எனக்குத் தெரியாது. அடுத்த முறை பிள்ளைக்கு ரத்தம் ஏற்றப் புறப்பட்டபோது சோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார். நடக்க முடிந்தவரை ஒரு முறைகூட விடவில்லை.

எங்கள் குடும்பத்துக் கணக்கைப் பாருங்கள். அம்மாச்சியிடம் ஒரு பிறழ்வு. மகனான மாமாவுக்கு அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. மகளான அம்மாவுக்கும் அதேதான். அம்மா வழியாக அக்காவுக்கு நான்கில் ஒன்று. அக்கா வெளியே கட்டியிருந்தால், வருகிற மாப்பிள்ளை சுமப்பவராக இருக்க 100க்கு மூன்று, நான்குதான் வாய்ப்பு. மாமா என்பதால் அது 100க்கு 50 ஆயிற்று. தாய்மாமனும் மருமகளும் மரபணுவில் கால் பங்கைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. யாரோ ஒரு முன்னோரிடம் ஒற்றையாகத் தூங்கிக்கிடந்த பிறழ்வு, இரண்டு கிளையாகப் பிரிந்து ஓடி, ஒரே பிள்ளையில் வந்து மறுபடி சேர்வதற்கு நாமே பாதை போட்டுக் கொடுக்கிறோம்.

தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேல் கல்யாணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன. இந்தியாவிலேயே மிக அதிகமாக உள்ள மாநிலங்களில் நாம் ஒன்று. ஜமாஅத்துகளில் தாய்மாமன் கல்யாணத்தை மார்க்கமே தடுத்திருக்கிறது, ஆனால் மாமன் மகள், மாமி மகன் என்று கட்டுவதும் ஊருக்குள்ளேயே கொடுத்து எடுப்பதும் அங்கேயும் உண்டு. சொந்தமே இல்லை என்று நாம் நினைக்கும் வரன்கூட, ஒரு சின்னச் சமுதாயத்துக்குள் நூற்றாண்டுக் கணக்காகக் கொடுத்து எடுத்ததில் தூரத்துச் சொந்தமாகவே இருப்பார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் ஹைதராபாத் விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜும் மற்றவர்களோடு சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதய மரபணு பற்றியது. அதில் 25 எழுத்து விட்டுப்போன ஒரு பிறழ்வு தெற்காசிய மக்களில் 100க்கு நான்கு பேரிடம் இருக்கிறது, வயது போன பின் இதயம் தளர்வதற்கு அது ஒரு காரணம் என்று கண்டார்கள். பல ஆயிரம் ஆண்டுக்கு முன் யாரோ ஒருவரிடம் தொடங்கியது இன்றைக்குக் கோடிக்கணக்கானவரிடம் ஓடுகிறது.

சொந்தத்தில் கட்டவே கூடாது என்று நான் எழுதவில்லை. சாதாரணமாகவே 100 பிள்ளைகளில் இரண்டு, மூன்று பேர் ஏதாவது பெரிய குறையோடு பிறக்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் அதோடு இன்னும் இரண்டு, மூன்று கூடும். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கிறார்கள். அதனால்தான் "எங்க தாத்தா கட்டலையா, எங்க அப்பா கட்டலையா" என்ற பேச்சு நிற்கிறது. என் கண்ணுக்கு அந்தக் கூடுகிற இரண்டு, மூன்றுக்கும் முகம் இருக்கிறது. தாய்மாமன் கல்யாணத்தைப் பற்றி மட்டும் என் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன்: அது இனி வேண்டாம்.

தலசீமியா என்பது மரபணுவில் ஓர் எழுத்தின் கதை. குரோமோசோம் அளவிலேயே நடக்கும் மாற்றங்களும் உண்டு. புத்தகத்தில் ஓர் எழுத்து தவறுவது ஒன்று, பக்கமே கிழிந்துபோவது இன்னொன்று. குரோமோசோமில் ஒரு துண்டு அறுந்து காணாமல் போகும், ஒரே துண்டு இரண்டு முறை வரும், அறுந்த துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டும், அல்லது வேறொரு குரோமோசோமில் போய் ஒட்டிக்கொள்ளும். 9க்கும் 22க்கும் இடையே அப்படித் துண்டு மாறி ஒட்டுவதால் வருவது ஒரு வகை ரத்தப் புற்றுநோய். அது பிறந்த பிறகு ரத்தச் செல்லில் நடப்பது, பிள்ளைக்குப் போகாது. சில வேளை ஒரு முழுக் குரோமோசோமே கூடிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் 22 வயதுப் பெண் ஒருத்தி, மூன்று மாதக் கைக்குழந்தையோடு கூடத்துக்கு வந்தாள். கண்கள் சற்று மேல்நோக்கி, கழுத்து நிற்காமல், உள்ளங்கையில் ஒரே கோடு. கிரகணத்தன்று அவள் அரிவாள்மனையில் மீன் வெட்டினாளாம், அதனால்தானாம். அதை மாமியார் சொல்லவில்லை, அவளே சொல்லி அழுதாள். நான் எடுத்தனுப்பிய ரத்தத்தில் வந்த முடிவு: 47, எக்ஸ் எக்ஸ், கூட்டல் 21. இருபத்தொன்றாவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. டவுன் நோய்க்குறி. 1959இல் பிரான்சில் ழெரோம் லெழூன் குழுவினர் இதைக் கண்டு வெளியிடும் வரை உலகத்தில் எவருக்குமே காரணம் தெரியாது.

முட்டை உருவாகையில் ஜோடிக் குரோமோசோம்கள் பிரிந்து ஒன்று ஒன்றாகப் போக வேண்டும். 21ஆவது ஜோடி பிரியாமல் சேர்ந்தே போய்விட்டால் பிள்ளைக்கு மூன்று. இதில் என்னை உறைய வைத்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு பெண்ணின் முட்டைகள் பிரியத் தொடங்குவது அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே. பிறகு பல வருஷம் அப்படியே பாதியில் நிற்கும், அவள் பெரியவளான பின் ஒவ்வொன்றாக மீதிப் பிரிவை முடிக்கும். அத்தனை காலம் காத்திருப்பதால்தான் தாயின் வயது கூடக் கூட இந்தத் தவறும் கூடுகிறது: 35 வயதில் ஏறத்தாழ 350 பிரசவத்துக்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று. ஆனாலும் அதிகம் பிள்ளை பெறுவது இளம் பெண்கள் என்பதால், டவுன் குழந்தைகளில் பெரும்பாலோர் இளம் தாய்மாருக்கே பிறக்கிறார்கள். அவள் மீன் வெட்டியதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பெண்ணிடம் இதை முழுக்க விளக்க எனக்கு அன்றைக்கு நேரம் கிடைத்தது. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது என்று அடுத்த முறை வந்தபோது சொன்னாள்.

ஆண்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும், பெற்றோர் இருவரிடமும் இல்லாத 60, 70 புதிய எழுத்து மாற்றங்களோடுதான் பிறக்கிறது. அதில் பெரும்பங்கு அப்பாவின் விந்தணுவிலிருந்து வருகிறது, அப்பாவின் வயது கூடக் கூட எண்ணிக்கையும் கூடுகிறது. அவற்றில் அநேகமாக எல்லாமே ஒன்றும் செய்யாதவை. யாரும் வேண்டும் என்று செய்வதும் இல்லை. செல் ஒவ்வொரு முறை இரண்டாகும்போதும் அத்தனை கோடி எழுத்தையும் நகலெடுக்கிறது, பிழை திருத்தவும் அதற்குள் ஏற்பாடு இருக்கிறது, அதையும் மீறி ஒன்றிரண்டு தவறுகிறது. பிள்ளையின் இப்படிப்பட்ட மரபணுக் குறைக்குத் தாயின் வயிற்றைப் பழிப்பதற்கு அறிவியலில் ஓரிடமும் இல்லை.

நோயைச் சாபம் என்று எடுத்துக்கொண்டால் எங்கே போய் முடியும் என்று மற்ற மாவட்டத்தாரைவிட நமக்குத்தான் அதிகம் தெரியும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்கள் என்று சங்கிலியில் கட்டி வைத்திருந்த 28 பேர் தீயில் வெந்து இறந்தார்கள். நான் யாருடைய வேண்டுதலையும் குறை சொல்லவில்லை. அக்காவும் நேர்ந்துகொண்டவள்தான், தேவிபட்டினம் நவபாஷாணக் கோயிலில் நின்று அழுதவள்தான். வேண்டிக்கொண்டே ரத்தமும் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மதப் பெரியவர்கள் மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு சைப்ரஸ் தீவு இருக்கிறது. அங்கே ஏழு பேரில் ஒருவர் தலசீமியாவைச் சுமப்பவர். 1980களின் தொடக்கத்திலிருந்து அங்கே கிறிஸ்தவ திருச்சபை ஒரு விதி வைத்தது: ரத்தம் பார்த்து ஆலோசனை பெற்றுவிட்டோம் என்ற சான்று இல்லாமல் திருமணம் இல்லை. சான்றில் முடிவு எழுதியிருக்காது. பார்த்தாயிற்று என்பது மட்டுமே இருக்கும். இருவரும் சுமப்பவர்களாக இருந்தாலும் கட்டிக்கொள்வதா என்பது அவர்கள் விருப்பம். சில ஆண்டுகளில் அங்கே தலசீமியா மேஜரோடு பிள்ளை பிறப்பது ஏறத்தாழ நின்றுபோனது. ஈரான் 1997இல் திருமணத்துக்கு முந்தைய சோதனையை நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது. சவூதியிலும் 2004 முதல் உண்டு. அங்கே வேலைக்குப் போய்த் திரும்பிய நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியும்.

நம் கரையில் இதற்குச் சட்டம் வர வேண்டியதில்லை. உங்கள் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தால் போதும். ஜாதகம் பார்த்தாச்சா, மஹர் பேசியாச்சா, ஓலை வாசிக்கலாமா என்று கேட்கும் இடத்தில், "ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்தாச்சா?" என்று கேளுங்கள். ரெண்டு பேருக்கும் என்பதை அழுத்திக் கேளுங்கள். பெண்ணுக்கு மட்டும் பார்க்கச் சொல்லும் நாள் வந்தால், இந்தக் கடிதத்தை எழுதாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். முடிவு என்ன என்று சபையில் கேட்காதீர்கள். அந்தத் தாள் அந்த இருவருக்கும் அவர்கள் மருத்துவருக்கும் மட்டுமே உரியது. சுமப்பவர் என்று தெரிந்த பெண்ணையோ பையனையோ ஊரில் யாராவது குறையாகப் பேசினால், அங்கேயே வாயை அடைக்கிற பொறுப்பும் உங்களுடையது. சுமப்பவர் சுமக்காத ஒருவரைக் கட்டினால் ஒரு பயமும் இல்லை. இரண்டு பேருமே சுமப்பவர்களாக இருந்து, மனதாலும் இணைந்துவிட்டார்கள் என்றால் அதற்கும் வழி உண்டு. உண்டான பத்து, பன்னிரண்டு வாரத்தில் நஞ்சுக்கொடியின் திசுவில் ஒரு துளி எடுத்துப் பிள்ளைக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். அக்கா இரண்டாம் பிள்ளைக்கு அப்படித்தான் பார்த்தாள். பையன் சுமப்பவன் மட்டுமே. இப்போது நன்றாகப் பந்தடிக்கிறான்.

பெரியவளுக்கு இப்போது 14 வயது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, முழுநாள், ரத்தம். ஏற்றுகிற ரத்தத்தோடு சேர்ந்து வரும் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியும், அதை வெளியேற்றத் தினமும் மாத்திரை. தம்பியின் மஜ்ஜை பொருந்தினால் மாற்று சிகிச்சை செய்யலாம் என்று பார்த்தோம். வேலூரில் 1986 முதலே செய்கிறார்கள். பொருந்தவில்லை. உடன்பிறந்தவருக்குப் பொருந்துவது நான்கில் ஒரு வாய்ப்புதான். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தலசீமியாவும் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று தெரியாமலே நாங்கள் பல நாள் இருந்தோம். உங்கள் ஊரில் இப்படிப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள், சான்றிதழ் வாங்கட்டும். மீன்பிடித் தடைக்கால மாதங்களில் கையில் காசு இல்லாதபோதும் ரத்தம் நிற்கக் கூடாது. எங்கள் பிள்ளைக்காக இதுவரை ரத்தம் கொடுத்தவர்களில் பாதிப் பேர் முகம்கூட எனக்குத் தெரியாது. பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து பைக்கில் வந்து கொடுத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போன பையன்கள் உண்டு.

வரும் தை மாதத்துக்கு எங்கள் தெருவில் மட்டும் மூன்று கல்யாணம் பேசியிருக்கிறார்கள். ஒன்று அத்தை மகன். இன்னும் நிச்சயம் ஆகவில்லை. உங்கள் ஊர்களிலும் இப்படித்தான் இருக்கும்.

பையனையும் பெண்ணையும் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கோ பரிசோதனைக்கூடத்துக்கோ அனுப்புங்கள். முழு ரத்த எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் ஏ2 அளவும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினால் போதும். அங்கே இரண்டாவது சோதனை இல்லையென்றாலும் ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்பிப் பார்த்துத் தருவார்கள். முகூர்த்தச் சேலையின் விலைகூட ஆகாது. சாப்பிட்டுவிட்டே வரலாம், இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆளுக்கு இரண்டு மில்லி ரத்தம்.

இப்படிக்கு,
உங்கள் கரையில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்,
ரத்தப் பரிசோதனைக்கூட ஊழியர்,
ராமநாதபுரம் மாவட்டம்.